சோக் போட்டால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது: கார்புரேட்டரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: 2014 மாடல் 150 சிசி கார்புரேட்டர் வண்டி, 58,000 கி.மீ. ஓடியது. சென்னையிலிருந்து பெங்களூருக்குக் கொண்டு வந்த பிறகு, எஜிபுராவில் வீட்டு வாசலில் இரண்டரை மாதம் மழையில் நின்றது. இப்போது சோக்கைப் பாதி இழுத்து வைத்தால்தான் ஓடுகிறது. சோக்கை விட்டால் சோனி வேர்ல்டு சிக்னலில் நின்றுவிடுகிறது. டொம்லூர் மேம்பாலம் ஏறும்போது முழு ரேஸ் கொடுத்தால் விட்டு விட்டு இழுக்கிறது. மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். மைலேஜ் 45-லிருந்து 34 ஆகிவிட்டது. பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. "பிளக் கருப்பா இருக்கு, பெட்ரோல் அதிகமா போகுது, கார்புரேட்டரை மாத்திடலாம்" என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே வரி: சோக் போட்டால் ஓடுகிறது. சோக் என்பது பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் வழி. கூட்டிக் கொடுத்தால் எஞ்சின் சரியாகிறது என்றால், அது இல்லாதபோது பெட்ரோல் போதவில்லை, அல்லது வரக்கூடாத இடத்திலிருந்து காற்று உள்ளே வருகிறது. பெட்ரோல் உண்மையிலேயே அதிகமாகப் போகிற வண்டியில் சோக் இழுத்தால் அது திணறி நின்றுவிடும்.

அப்படியானால் பிளக் ஏன் கருப்பு? பாதி சோக்கில் ஓட்டுகிறீர்களே, அதனால்தான். மைலேஜ் விழுந்ததற்கும் பெரும்பாலும் அதே காரணம். கருப்புப் பிளக்கும் குறைந்த மைலேஜும் தனி நோய்கள் இல்லை, நீங்கள் செய்கிற தற்காலிக வைத்தியத்தின் விளைவுகள். மெக்கானிக் அவற்றையே நோயாக எடுத்துக்கொண்டிருக்கிறார். சோக்கில் ஓடிய வண்டியின் பிளக் நிறத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

"பெங்களூர் ஏர் செட் ஆகலை" என்றும் யாராவது சொல்வார்கள். நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்றின் அடர்த்தி எட்டு, ஒன்பது சதவீதம் குறைவு. அதனால் சென்னையில் சரியாக ஓடிய கார்புரேட்டர் இங்கே நான்கைந்து சதவீதம் அதிக பெட்ரோல் பக்கம் சாயும், இழுவையும் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான், சிக்னலில் நிற்கிற அளவுக்குப் போகாது. மேலும் உங்கள் வண்டியின் நோய் இதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. ஊரை விட்டுவிட்டு, அந்த இரண்டரை மாதத்தைப் பாருங்கள்.

கார்புரேட்டரின் கீழ்க் கிண்ணத்தில் இருபது, முப்பது மில்லி பெட்ரோல் எப்போதும் நிற்கும். வண்டி ஓடாமல் கிடந்தால் அதில் ஆவியாகக் கூடியது போய், பிசின் மாதிரி ஒரு படிவு மிஞ்சும். ஸ்லோ ஸ்பீடுக்குப் பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அகலம்தான் இருக்கும். முதலில் அடைபடுவது அதுதான். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் நீரை இழுக்கும். ஓரளவு நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் நீரும் எத்தனாலுமாகச் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களும் இதில் சீக்கிரம் கெட்டுப் போகின்றன.

வேலையை டேங்க் மூடியிலிருந்து தொடங்குங்கள். மூடியைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும், அதன் ஓரத்தில் சின்ன ஓட்டை. பள்ளத்தில் தேங்கும் மழைநீர் அந்த ஓட்டை வழியாக ஒரு குழாயில் இறங்கி டேங்குக்கு அடியில் வெளியேற வேண்டும். தெருத்தூசியில் இது சுலபமாக அடைபடும். அடைபட்டால் நீர் பள்ளத்தில் குளம் போல நின்று, பழைய மூடி ரப்பர் வழியாகக் கசிந்து டேங்குக்குள் போகும். மழைக்கு மறுநாள் மோசமாகிறது என்று நீங்கள் எழுதியதற்கு முதல் சந்தேகம் இங்கேதான். ஓட்டையில் சிறிது தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், உடனே கீழே சொட்ட வேண்டும். இல்லையென்றால் பழைய கிளட்ச் கேபிளின் ஒற்றை இழையை விட்டு நெருடிச் சுத்தம் செய்யுங்கள். மூடியின் காற்று ஓட்டையும் அடைபட்டிருக்கலாம். வண்டி திணறும்போது மூடியைத் திறந்தால் "புஸ்" என்று காற்று உள்ளே போகிறதா, பிறகு கொஞ்ச நேரம் நன்றாக ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை இறங்கவிடாமல் பிடித்திருக்கிறது.

அடுத்து கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூ. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கீழே ஒரு கண்ணாடிக் குப்பியைப் பிடித்து ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். ஐந்து நிமிடம் குப்பியை அசையாமல் வைத்தால் நீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும், துருத்தூளும் தெரியும். இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள், பேஸ்மென்ட் பார்க்கிங்கில் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும்.

பிறகு டேப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றிக் குப்பிக்குள் விட்டு டேப்பைத் திறங்கள். 150 சிசி எஞ்சின் முழு ரேஸில் நிமிடத்துக்கு அறுபது, எழுபது மில்லி குடிக்கும். ஆகவே நிமிடத்துக்கு நூறு மில்லிக்கு மேல் தடையில்லாமல் இறங்க வேண்டும். டேப்பை 'ஆன்' நிலையில் வைத்து ஒரு முறை, 'ரிசர்வ்' நிலையில் ஒரு முறை பாருங்கள். ஆனில் பெட்ரோல் உயரமான குழாய் வழியாக எடுக்கப்படுகிறது, ரிசர்வில் டேங்கின் அடியிலிருந்து. அடியில் தங்கிய நீரும் துருவும் ரிசர்வ் போட்ட அன்றுதான் வெளியே வரும். "ரிசர்வுக்கு வந்தா மட்டும் மக்கர் பண்ணுது" என்பதன் பொருள் இதுதான். குப்பியில் நீர் தெரிந்தால் டேங்கை முழுவதும் காலி செய்து, டேப்பைக் கழற்றி அதன் சல்லடையையும் கழுவ வேண்டும். டேங்கில் நீரை விட்டுவிட்டுக் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த வாரமே பழைய நிலைக்கு வந்துவிடும்.

மேம்பாலத்தில் விட்டு விட்டு இழுப்பதற்கும் இந்தச் சோதனைகளில் விடை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஏற்றத்தில் முழு ரேஸ் கொடுக்கும்போது கிண்ணம் நிரம்புவதைவிட வேகமாகக் காலியானால் எஞ்சின் சில நொடி இழுத்து, சில நொடி செத்து, மறுபடி இழுக்கும்.

இப்போது கார்புரேட்டருக்கு வருவோம். சரியான முறையில் சுத்தம் செய்யுங்கள். "சர்வீஸ் பண்ணியாச்சு" என்பது பல இடங்களில் வெளிப்புறத்தைக் கழுவி, கிண்ணத்தைத் துடைப்பதோடு முடிந்துவிடுகிறது. முதலில், ஸ்லோ ஸ்பீடு கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன்னால், அதை மெதுவாக உள்பக்கம் முட்டும்வரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்றுக்குள் இருக்கும். முட்டிய பிறகு இறுக்கினால் அதன் கூர்முனை உட்காரும் இடம் கெட்டுவிடும், பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது. பைலட் ஜெட், முழு ரேஸுக்குப் பெட்ரோல் கொடுக்கும் மெயின் ஜெட் இரண்டையும் அளவு பொருந்திய ஸ்க்ரூடிரைவரால் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பைலட் ஜெட்டில் முழு வட்டமாக ஒரு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். ஊசியோ எஃகுக் கம்பியோ விடக்கூடாது. பித்தளை மென்மையானது, துளை ஒரு கோடு பெரிதானாலும் ஜெட் வீண். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, ஊற வைக்கப் பத்து நிமிடம், பிறகு காற்று. அப்படியும் போகாவிட்டால் பல் துலக்கும் பிரஷ்ஷின் ஒற்றை நைலான் இழை. ஜெட் மட்டும் போதாது. அது உட்காரும் பாதை, ஏர் ஸ்க்ரூ பாதை, எஞ்சின் பக்க வாயில் உள்ள குண்டூசி முனை அளவு துளைகள் எல்லாவற்றிலும் ஸ்ப்ரே அடித்தால் மறுமுனையில் பீய்ச்சி வர வேண்டும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ப்ரேயும் காற்றும் அடிப்பதற்கு முன் டயாஃப்ரம், ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள், ஸ்ப்ரே பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

டயாஃப்ரத்தை எடுக்கும்போதே அதை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். உங்கள் காலத்து 150 சிசி வண்டிகளில் நிறையவற்றில் கார்புரேட்டரின் மேல்மூடிக்கு அடியில் மெல்லிய கருப்பு ரப்பர் இருக்கும். அதில் முடி அளவு கிழிசல் இருந்தாலும், காற்றுப் பாதையில் ஏறி இறங்கும் ஸ்லைடு முழுதாக மேலே ஏறாது. ஸ்லோ ஸ்பீடு நன்றாக இருக்கும், பாதி ரேஸுக்கு மேல் இழுவை இருக்காது. திருப்பி மாட்டும்போது விளிம்பு பள்ளத்தில் சரியாக உட்காராமல் மூடியை இறுக்கிக் கிழித்துவிடுவதும் சாதாரணமாக நடக்கிற தவறு.

எந்தப் பாகத்தைச் சந்தேகிக்கலாம் என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. ஆக்ஸிலரேட்டர் பிடியில் ஒரு துண்டு ஒட்டும் டேப் ஒட்டி மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று கோடு போடுங்கள். மூடிய நிலையிலிருந்து கால் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆள்கின்றன. காலிலிருந்து முக்கால் வரை, ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசியான நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். வண்டியின் வேகத்தை வைத்துப் பார்க்காதீர்கள், பிடி எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஐந்தாவது கியரில் 50-ல் ஏற்றம் ஏறும்போது பிடி முழுதும் திறந்திருக்கலாம், சமதரையில் அதே 50-க்குக் கால் பங்கு போதும்.

கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் பகுதியை மறந்துவிடாதீர்கள். பத்து வருட வெப்பத்தில் அது கெட்டியாகி வெடிக்கும். வெடிப்பு வழியாகக் காற்று புகுந்தால் பைலட் ஜெட் அடைபட்ட அதே அறிகுறிகள் வரும். கூடவே, ரேஸை விட்டதும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் தொங்கி நிற்கும். கைவிரலால் மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். எஞ்சின் ஓடும்போது இணைப்பில் சிறிது தண்ணீரைப் பீய்ச்சினாலும் போதும், ஓட்டம் மாறினால் கசிவு அங்கே. தீப்பிடிக்கும் ஸ்ப்ரேயை இதற்குப் பயன்படுத்துவோர் உண்டு. சூடான சைலன்சருக்கு அரை அடி தூரத்தில் அது வேண்டாத ஆபத்து.

பெட்ரோல் பக்கம் முடிந்த பிறகு மின்சாரப் பக்கம். மழைக்குப் பின் மோசமாவது டேங்க் நீரால் இல்லையென்றால் பிளக்குக்கு உயர் அழுத்த மின்சாரம் கொண்டுபோகும் ஹெச்.டி. வயர், அதன் முனையில் உள்ள பிளக் கேப் இவற்றில் ஒன்றால். இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, வயரைச் சுற்றித் தண்ணீரைப் புகைபோலத் தெளியுங்கள். எங்கேயாவது நீலப் பொறி ஓடினால் மின்சாரம் அங்கே வழிகிறது. கை வைக்காதீர்கள். கேப்பைத் திருகிக் கழற்றி, மல்டிமீட்டரில் இரு முனைகளுக்கிடையே அளந்தால் மின்தடை வைத்த கேப்பில் சுமார் 5,000 ஓம் காட்டும். பத்தாயிரத்தைத் தாண்டினாலோ எதுவுமே காட்டாவிட்டாலோ மாற்றுங்கள். வயர் முனையில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் ஐந்து மி.மீ. வெட்டிவிட்டுத் திரும்பத் திருகலாம்.

பிளக் புதிதாக இருந்தாலும் இடைவெளியை அளக்க வேண்டும். இந்த வகை எஞ்சின்களில் 0.7 முதல் 0.8 மி.மீ. வழக்கம், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. இரண்டு பிளக் வைத்த மாடலாக இருந்தால் இரண்டையும் மாற்றினார்களா என்று கேளுங்கள். எட்டாத பக்கத்துப் பிளக்கை அப்படியே விட்டுவிடுவது நடக்கிறது. வெளியே எடுத்து எஞ்சினில் ஒட்டி வைத்துப் பார்க்கும்போது ஸ்பார்க் வந்தால் மட்டும் நம்பிவிட முடியாது. வெளிக்காற்றில் பாயும் ஸ்பார்க் உள்ளே இருக்கும் அழுத்தத்தில் பாயாமல் போகலாம். அந்தச் சோதனையில் ஸ்பார்க் வரவே இல்லை என்றால்தான் அது உறுதியான செய்தி. பிளக்கை மாட்டும்போது கையால் முழுவதும் திருகிய பின்தான் ஸ்பானர். புதியதற்கு அரைச் சுற்று, பழையதற்கு அதைவிடக் குறைவு. அலுமினிய மரை போனால் செலவு கார்புரேட்டரைத் தாண்டிவிடும்.

ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காய்ல் கெட்டால் நடத்தை வேறு மாதிரி: இருபது நிமிடம் நன்றாக ஓடி, சூடேறியதும் நின்று, கால் மணி நேரம் ஆறவைத்தால் மறுபடி ஓடும். நீங்கள் சொல்வது அப்படி இல்லை.

58,000 கி.மீ. ஆகிவிட்டதால் டேப்பட்டை, அதாவது வால்வுக்கும் ராக்கருக்கும் இடையே விடும் இடைவெளியை, கட்டாயம் பார்க்க வேண்டும். சத்தம் வந்தால்தான் டேப்பட் செட்டிங் என்று நினைக்கிறோம், அது தவறு. லூஸான டேப்பட் சத்தம் போடும், ஆபத்து குறைவு. டைட்டான டேப்பட் அமைதியாக இருக்கும், வால்வு முழுதாக மூடாது, சூடானதும் சிக்னலில் நிற்கும், காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு பண்ணும், கடைசியில் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்து போகும். செட்டிங்கை ஆறிய எஞ்சினில்தான் செய்ய வேண்டும், இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் செய்வது நல்லது. கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில், மேக்னட்டின் டி குறி நேராக வந்து, வால்வைத் தள்ளும் இரண்டு ராக்கரும் லேசாக ஆடும் நிலையில் வைத்து, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டால் அளக்க வேண்டும். 100 சிசி ஸ்ப்ளெண்டர் மாதிரியான எஞ்சினில் இரண்டுக்கும் 0.05 மி.மீ. உங்கள் வண்டிக்கு இன்டேக் ஒரு எண்ணும் எக்ஸாஸ்ட் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம், கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். கை உணர்வை மட்டும் வைத்து, சூட்டோடு டேப்பட் வைக்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சரியாகவில்லை என்றால் மட்டும் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்ற சோதனை. பிளக் துளையில் கேஜ் மாட்டி, ரேஸை முழுதும் திறந்து, எண் ஏறி நிற்கும்வரை கிக்கர் அடித்து அளக்க வேண்டும். எண் குறைவாக இருந்தால் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கட்டும். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு.

இழுவை பற்றி ஒரு வார்த்தை. மேம்பாலத்தில் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் அது கிளட்ச் நழுவுவது, எஞ்சின் கோளாறு அல்ல. ஆயில் டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக் குறி இருக்க வேண்டும், கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் நழுவும். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் இழுவை போகும். நடு ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு, பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி ட்யூன் செய்யுங்கள். ஐடிலிங் (ஸ்லோ ஸ்பீடு) சுமார் 1,400 ஆர்.பி.எம். முன்பு சுற்று எண்ணி வைத்த ஏர் ஸ்க்ரூ, ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை ஆளுவது, வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் கலவையை ஆளுவது, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். இந்த வித்தியாசம் தெரியாமல் திருப்பித்தான் பாதி வண்டிகள் கெடுகின்றன. கால் சுற்று திருப்பிப் பத்து விநாடி காத்திருந்து, எஞ்சின் அதிக வேகத்தில் சீராக ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு எமிஷன் டெஸ்ட் வண்டிக்குப் போங்கள். சர்டிஃபிகேட்டை மட்டும் மடித்து வைக்காமல் எண்களைப் படியுங்கள். உங்கள் காலத்து நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பிபிஎம். முதல் எண் வரம்பை ஒட்டி இருந்தால் பெட்ரோல் அதிகம். முதல் எண் குறைந்து இரண்டாவது எண் மட்டும் ஏறி நின்றால் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது, அதாவது மிஸ்ஸிங் இன்னும் இருக்கிறது. சில நூறு ரூபாய்கூட ஆகாத சோதனையில் இவ்வளவு தெரியும்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சோக் இல்லாமல் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிளக் நிறத்தையும் அப்போது பாருங்கள். ஞாயிறு விடியற்காலை ஐந்து கி.மீ. சீராக ஓட்டி, கிளட்சைப் பிடித்து உடனே எஞ்சினை அணைத்து, ஆறியதும் கழற்றினால் வெளிர் பழுப்பு சரி, வெள்ளையாக இருந்தால் இன்னும் பெட்ரோல் போதவில்லை.

கார்புரேட்டரை மாற்ற வேண்டிய நிலை எது? காற்றுப் பாதையைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளை தகட்டின் தண்டைப் பிடித்து ஆட்டினால் மேலும் கீழும் ஆடுவது, ஸ்லைடு ஓடும் சுவரில் ஆழமான கோடுகள், பைலட் ஜெட் அல்லது ஸ்க்ரூ மரை போயிருப்பது. இவை இல்லையென்றால் ஒரு ரிப்பேர் கிட், ஒரு இன்டேக் ரப்பர் போதும். ஜே.சி. ரோடு கடைகளுக்குப் போகும்போது பழைய ஜெட்டுகளைக் கையில் எடுத்துச் செல்லுங்கள், அவற்றின் மேல் பொறித்த எண்களும் கார்புரேட்டர் உடம்பில் பொறித்த குறியும் இல்லாமல் "150 சிசிக்குக் கொடுங்க" என்று கேட்டால் வேறு மாடலின் ஜெட் வந்து சேரும். கிட்டில் வரும் ஜெட்டின் எண் பழையதோடு பொருந்தாவிட்டால் பழைய பித்தளை ஜெட்டைச் சுத்தம் செய்து திரும்பப் போடுங்கள், கிட்டிலிருந்து ரப்பர் வளையங்களையும் மிதவை ஊசியையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.